நான்கு பிஸ்டன் காலிப்பரில் முன் பிரேக் பேட் மாற்றிய பின் எழும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டொயோட்டாவின் ஹைலக்ஸ், பிராடோ போன்ற வண்டிகளின் முன் சக்கரங்களில் இருப்பது நகராத காலிப்பர், அதாவது பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்தும் கவ்வி. டிஸ்கின் உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் இரண்டு என நான்கு பிஸ்டன்கள் எதிரெதிராக நின்று பேடுகளை நெருக்கும். சிறிய கார்களில் நாம் பார்த்துப் பழகிய ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரைப் போல இது ஸ்லைடு பின்னில் வழுக்கி நகர்வதில்லை. அதனால் பேட் மாற்றுவதற்குக் காலிப்பரைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. கிளிப்பை எடுத்து, இரண்டு பின்களையும் உருவி, ஸ்பிரிங்கை விலக்கினால் பேட் மேலாக வெளியே வந்துவிடும்.

வேலை இவ்வளவு எளிதாக இருப்பதே பல கோளாறுகளுக்குக் காரணமாகிறது. பழைய பேடை எடுத்து, பிஸ்டன்களை நெம்பி உள்ளே தள்ளி, புதிய பேடைச் சொருகி அனுப்பிவிடுகிறார்கள். சில நாள்களில் வண்டி புகாரோடு திரும்பி வருகிறது. பேட் மட்டம் என்று முடிவு கட்டி வேறு கம்பெனி பேட் வாங்கிப் போடுகிறார்கள். திரும்பத் திரும்ப இதே புகார்களைச் சரிசெய்ததில் நான் உறுதியாகக் கண்டது என்னவென்றால், பேட் மாற்றிய பின் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி பேடில் இருப்பதில்லை. நான்கு பிஸ்டன்களும் தடையின்றி முன்பின் போகின்றனவா, பேட் தன் இருக்கையில் தாராளமாக நகர்கிறதா என்ற இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலிலும், செலவு மிகுந்தது கடைசியிலும் வருகிறது. அந்த வரிசையைத் தாண்டிப் போக வேண்டாம்.

எந்தச் சோதனைக்கும் முன்பு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. பேடின் தூசியைக் காற்றடித்து ஊதாமல், பிரேக் கிளீனர் தெளித்துத் துணியால் துடைக்க வேண்டும், முகக்கவசம் அவசியம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டால், ஸ்பிரிங் எப்படி உட்கார வேண்டும் என்ற சந்தேகம் வரும்போது பார்த்துக்கொள்ள மறுபக்கம் இருக்கும். காலிப்பரின் இரு பாதிகளையும் இணைக்கும் பெரிய போல்ட்டுகளில் ஸ்பேனரே வைக்கக் கூடாது. அவற்றுக்கிடையே பிரேக் ஆயில் செல்லும் வழியும் அதற்கான சீல்களும் இருக்கின்றன.

அறிகுறி: புதிய பேட் உள்ளே நுழையவில்லை

முதலில் பிஸ்டன்களைப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே ஆயில் வழியில் இணைந்திருப்பதால், ஒன்றைத் தள்ளினால் மற்றொன்று வெளியே வரும். இரண்டு பேடையும் ஒன்றாக எடுத்துவிட்டுத் தள்ளத் தொடங்கினால் இந்த ஓட்டம் முடிவே இல்லாமல் போகும். ஒரு பேடை மட்டும் எடுத்து, எதிர்ப் பேடை அதன் இடத்திலேயே விட்டு, எடுத்த பழைய பேடையே பலகையாக வைத்து இரண்டு பிஸ்டன்களையும் ஒருசேர மெதுவாக அழுத்த வேண்டும். அந்தப் பக்கத்தில் புதிய பேடை வைத்த பிறகே எதிர்ப் பக்கத்துக்குப் போக வேண்டும். ஸ்குரூடிரைவரை டிஸ்கில் ஊன்றிப் பிஸ்டனை நெம்பினால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் உறையான டஸ்ட் பூட் கிழியும், டிஸ்கில் கீறல் விழும்.

தள்ளுவதற்கு முன் பிரேக் ஆயில் டப்பாவின் மட்டத்தைப் பார்த்து, நிறைந்திருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்து யாராவது நிரப்பி வைத்திருந்தால், பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் பொங்கி வழியும். வழிந்தது பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பிஸ்டன்கள் முழுதாக உள்ளே போயும் பேட் நுழையவில்லை என்றால், பேடின் இரும்புத் தகட்டுக் காதுகளையும் காலிப்பரில் அவை உட்காரும் இடத்தையும் பார்க்க வேண்டும். காதுகளில் பெயிண்ட் தடிமனாக ஏறியிருந்தால் அரத்தால் பெயிண்டை மட்டும் இழைத்து எடுக்கலாம். உலோகத்தைக் குறைக்கக் கூடாது. காலிப்பர் இருக்கையில் உள்ள துருவை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தாலே பெரும்பாலும் போதும். சுத்தியால் தட்டி உள்ளே இறக்கிய பேட் பிரேக்கை விட்ட பிறகு திரும்பி வராது. அடுத்த அறிகுறிகளில் பாதி அதிலிருந்தே பிறக்கின்றன. விரலால் தள்ளினால் போக வேண்டும், விரலால் இழுத்தால் வர வேண்டும் என்பதே அளவு.

பிரெம்போ கம்பெனி செய்வது போன்ற அலுமினியக் காலிப்பர்களில் இன்னொன்று உண்டு. பேட் உட்காரும் இடத்தில் மெல்லிய எஃகுத் தகடு திருகப்பட்டிருக்கும் வகைகளில், தகட்டின் அடியில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பொங்கித் தகட்டையே தூக்கிவிடும். பார்வைக்குத் தகடு ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் பேட் செல்லும் இடைவெளி சுருங்கியிருக்கும். தகட்டைக் கழற்றி அடியில் சுத்தம் செய்து திரும்பப் பொருத்த வேண்டும். அந்தச் சிறிய திருகுகள் இறுகிப்போய் உடையக்கூடியவை என்பதால், அசையவில்லை என்றால் வலிந்து முறுக்காமல் தொழில்முறை மெக்கானிக்கிடம் கொடுப்பதே சிக்கனம்.

அறிகுறி: பெடல் தரை வரை இறங்குகிறது

*முதல் சில மிதிகளில் மட்டும்.* இது கோளாறே இல்லை. உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் பேடை வந்து தொடும் வரை பெடல் வெறுமையாகத்தான் இறங்கும். வண்டியை அசைப்பதற்கு முன்பே, பெடல் உயர்ந்து கெட்டியாகும் வரை மெதுவாக, பாதி தூரம் மட்டும் மிதிக்க வேண்டும். பழைய வண்டியில் பெடலை ஒரேயடியாகத் தரை வரை அழுத்தக் கூடாது. பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் வழக்கமாகப் போகாத, துருவேறிய பகுதிவரை சென்று கிழிந்துவிடும். இந்த ஒரு படியை மறந்து வண்டியை நகர்த்தினால் முதல் பிரேக்கில் வண்டி நிற்காது. எனவே சாவியைக் கையில் எடுக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

*எத்தனை தடவை மிதித்தாலும் மெத்தென்று இருக்கிறது.* காற்று புகுந்திருக்கிறது. வெறும் பேட் மாற்றத்தில் காற்று புக வழியில்லை. காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளைத் திறந்திருந்தாலோ டப்பா காலியாக விடப்பட்டிருந்தாலோதான் புகும். காலிப்பரில் எத்தனை நிப்பிள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபின் ஏர் எடுக்க வேண்டும். பிரெம்போ வகைகள் பலவற்றில் உள்பாதிக்கு ஒன்று, வெளிப்பாதிக்கு ஒன்று என இரண்டு இருக்கும். ஒன்றில் மட்டும் எடுத்தால் மறுபாதியில் காற்று அப்படியே நிற்கும். காலிப்பரைக் கழற்றிப் பூட்டிய வண்டியானால் நிப்பிள் மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடமும் வலமும் மாறிப் பூட்டப்பட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். அந்த நிலையில் எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே எழுதப்பட்டிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை ஒரே இனம். டாட் 5 என்பது சிலிக்கோன். அதை இவற்றோடு ஒரு சொட்டும் கலக்கக் கூடாது.

ஏர் எடுத்தும் சரியாகவில்லை என்றால், இன்ஜினை அணைத்து, மிதியின் விசையைக் கூட்டும் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீரும் வரை சில முறை மிதித்துவிட்டுப் பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க வேண்டும். கசிவு எங்கும் தெரியாமல் பெடல் கால்கீழ் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போய்விட்டது. அது மெக்கானிக்கின் வேலை. பிராடோவின் பல வகைகளில் வெற்றிட பூஸ்டருக்குப் பதிலாக மின் பம்ப்பும் அழுத்தக் கலனும் கொண்ட ஹைட்ராலிக் பூஸ்டர் இருக்கிறது. அவற்றில் இக்னிஷனை அணைத்து, பெடலை 40 தடவைக்குக் குறையாமல் மிதித்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே டப்பாவின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் மட்டம் குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றினால் பிறகு வழியும். இந்த வகையில் ஏர் எடுப்பதை வீட்டில் முயலாமல் ஸ்கேனர் உள்ள பட்டறையில் விடுவதையே பரிந்துரைப்பேன்.

*நின்ற இடத்தில் பெடல் கெட்டி. ஓடிய பின் முதல் மிதி நீளம், இரண்டாம் மிதி சரி.* நகராத காலிப்பருக்கே உரிய இந்தக் குறையைக் காற்று என்று தவறாக எண்ணி லிட்டர் கணக்கில் ஆயிலை வீணாக்குகிறார்கள். காற்றாக இருந்தால் நின்ற வண்டியிலும் பெடல் மெத்தென்றுதான் இருக்கும். இங்கோ மேடுபள்ளத்தில் ஏறி இறங்கிய பிறகு அல்லது வேகமாகத் திரும்பிய பிறகுதான் பெடல் தாழ்கிறது. சக்கரம் ஆடும்போது டிஸ்க் கோணி, பேடுகளை இடித்துப் பிஸ்டன்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வழுக்கும் காலிப்பரானால் அதுவும் டிஸ்கோடு சேர்ந்து நகர்ந்துகொள்ளும், இந்தக் காலிப்பரால் நகர முடியாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து பேரிங் ஆட்டத்தையும், டிஸ்கைத் தாங்கும் ஹப்புக்கும் டிஸ்குக்கும் நடுவே துருச்செதில் சிக்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். துருவானால் டிஸ்கைக் கழற்றிச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. பேரிங்கானால் பிரஸ் தேவைப்படும் வேலை. பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

*சமவெளியில் சரி, மலை இறக்கத்தில் மெத்தென்று ஆகிறது.* கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டியில் பிரேக் ஆயிலே கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் என்றால், ஈரமேறிய நிலையில் 155 டிகிரி வரை இறங்கலாம் என்பதே தர அளவு. டாட் 3 ஆயிலுக்கு அவை 205, 140. கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும்; குமிழை அழுத்தினால் பேட் நெருங்காது. உடனே கீழ் கியருக்கு மாறி, பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, ஆறும் வரை நிறுத்த வேண்டும். ஆறிய பின் பெடல் கெட்டியாகிவிட்டதே என்று விட்டுவிடாமல் ஊர் திரும்பியதும் ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டும்.

அறிகுறி: சக்கரம் சூடாகிறது, பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது

அதிகம் வருவதும், தவறாகக் கணிக்கப்படுவதும் இந்தப் புகார்தான். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வந்து, இரண்டு முன் சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் நல்லது; இல்லையென்றால் கையை அருகில் நீட்டியே வித்தியாசத்தை உணரலாம், டிஸ்கைத் தொடக் கூடாது. இரண்டு சக்கரமும் ஒரே அளவில் சுடுகிறதா, ஒன்று மட்டுமா என்பதில் வழி பிரிகிறது.

இரண்டும் சுட்டால், கோளாறு காலிப்பருக்கு மேலே இருக்கிறது. டப்பாவில் ஆயில் அளவுக்கு மேல் நிற்கிறதா, பெடலுக்கு ஆட்ட இடைவெளி இருக்கிறதா, பிரேக் விளக்கு சுவிட்ச் பெடலை முழுதாகத் திரும்ப விடாமல் தடுக்கிறதா என்று பார்த்த பிறகே மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சுட்டால், வண்டி சூடாக இருக்கும்போதே அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்து, இறுக்கமாக இருக்கையில் காலிப்பரின் நிப்பிளில் ஒரு குழாயைப் பொருத்தி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள குப்பியில் விட்டுக் கால் சுற்று திறக்க வேண்டும். சூடான ஆயில் பீறிடக்கூடும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். நூறு ரூபாய்கூடச் செலவாகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் காலிப்பரையே மாற்றச் சொல்பவர்களை ஏற்க முடியவில்லை.

*நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டது.* ஆயில் அழுத்தம் திரும்ப வழியின்றிச் சிக்கியிருக்கிறது; பிஸ்டன்கள் மேல் குற்றமில்லை. நிப்பிளை மூடி, பெடலை மிதித்து மறுபடி இறுக வைத்து, இந்த முறை ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் சேஸிப் பக்க நட்டைச் சற்றே தளர்த்த வேண்டும். சக்கரம் விட்டால் தடை அதற்கும் மேலே, மாஸ்டர் சிலிண்டரிலோ ஏபிஎஸ் பகுதியிலோ இருக்கிறது. விடாவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் ஊதிப்போயிருக்கிறது. மிதிக்கும் விசையில் ஆயில் உள்ளே போகும், தானாகத் திரும்பி வராது. வெளிப்பார்வைக்கு ஹோஸ் புதிது போலவே இருக்கும். ஹோஸ் மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றி, ஏர் எடுக்க வேண்டும்.

*திறந்தும் விடவில்லை.* இப்போது பேடோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. பின்களை உருவிப் பேடை விரலால் நகர்த்திப் பார்க்க வேண்டும். பேட் இறுக்கமானால் முன்பு சொன்ன காதுகள், இருக்கை, தேய்ந்து பள்ளம் விழுந்த பின் ஆகியவற்றைச் சரிசெய்தால் போதும். பேட் தாராளமாக நகர்ந்தால், மிஞ்சுவது பிஸ்டன்.

பேட் மெலிந்திருந்த காலத்தில் பிஸ்டன் நெடுந்தூரம் வெளியே நின்றிருக்கும். டஸ்ட் பூட்டின் ஓரத்தில் சிறு கிழிசல் இருந்தாலும், அந்த வெளிநின்ற பகுதியில் தண்ணீரும் தூசியும் சேர்ந்து பழுப்பு நிறக் களிம்பாகி, காய்ந்து வளையம் போல் ஒட்டிக்கொள்ளும். புதிய தடித்த பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த வளையம் நேராகப் பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுச் சீலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அழுத்தம் நீங்கியதும் பிஸ்டனைச் சற்றே பின்னிழுப்பது அந்தச் சீலின் மீள்தன்மைதான். அடியில் துரு உட்கார்ந்த சீலால் அதைச் செய்ய முடியாது. பேட் மாற்றும் வரை பிடிக்காத பிரேக் மாற்றியதும் பிடிப்பது இதனால்தான். தூத்துக்குடி, இராமேசுவரம் போன்ற உப்புக்காற்று ஊர்களின் வண்டிகளில் பூட்டின் உதட்டை நகத்தால் விலக்கினாலே அந்தக் களிம்பு விரலில் ஒட்டும்.

எந்தப் பிஸ்டன் என்று கண்டுபிடிக்க, ஒரு பேடை எடுத்துவிட்டு, எதிர்ப் பேடை இருக்கையிலேயே விட்டு, பிஸ்டன் முழுதாக வெளியே வந்துவிடாதபடி எதிரே தேய்ந்த பழைய பேடை வைக்க வேண்டும். உதவியாளர் ஒருவர் பெடலை மிக மெதுவாக அழுத்த, நாம் பிஸ்டன்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று முன்னே வரும், பக்கத்தில் இருப்பது அசையாது நிற்கும். வருவதைக் கிளாம்ப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் முழு அழுத்தமும் நிற்பதன் மேல் விழும். அது சில மில்லிமீட்டர் வெளியே வந்ததும் பிரேக் கிளீனர் நனைத்த துணிப் பட்டையைச் சுற்றிப் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் இருபுறமும் இழுத்துத் துடைக்க வேண்டும். எமரி பேப்பர் கூடாது, மேல்பூச்சு போய்விடும். பிறகு பிரேக் ஆயிலோ, பிரேக் ரப்பருக்கென்றே விற்கும் கிரீஸோ லேசாகப் பூசி உள்ளே தள்ளி, நாலைந்து முறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். சாதாரண கிரீஸ், இன்ஜின் ஆயில், டீசல் எதுவும் கிட்டே வரக் கூடாது. பெட்ரோலியப் பொருள் பட்ட சீல் ஊதி, பிஸ்டனை நிரந்தரமாக இறுக்கிவிடும்.

துடைத்த பிறகு பிஸ்டனின் பக்கச்சுவரில் நகம் தட்டும் குழிகள் தெரிந்தால், சுத்தம் செய்து பயனில்லை. பிஸ்டனும் சீல் கிட்டும் மாற்ற வேண்டும். அதற்குக் காலிப்பரைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். அந்த இடத்தில் வீட்டு வேலை முடிந்து, பிரேக் வேலையில் கைதேர்ந்தவரின் வேலை தொடங்குகிறது. சீல் உட்காரும் பள்ளத்திலும் அரிப்பு இருந்தால் காலிப்பரையே மாற்றுவது தவிர வழியில்லை.

அறிகுறி: ஒரே சக்கரத்தில் பேடுகள் வேறுவேறாகத் தேய்ந்திருக்கின்றன

கழற்றிய பழைய பேடுகளை எறியாமல், எது உள், எது வெளி, எந்த முனை முன்னால் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வரிசையாக வைத்தால், காலிப்பரின் நிலை அவற்றிலேயே தெரிந்துவிடும். வழுக்கும் காலிப்பரில் உள் பேட் அதிகம் தேய்ந்தால் ஸ்லைடு பின்னைப் பார்ப்போம்; இங்கே ஸ்லைடு பின்னே கிடையாது என்பதால் காரணம் அந்தந்தப் பக்கத்துப் பிஸ்டன்களிலோ பேடின் நகர்விலோதான் இருக்க முடியும். ஒரு பேட் முழுவதுமாக மெலிந்திருந்தால் அந்தப் பக்கம் விடாமல் உரசியிருக்கிறது. ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் இருந்தால், இரண்டு பிஸ்டன்களில் ஒன்று வேலை செய்யவில்லை. மிகச் சிறிய சரிவைப் பொருட்படுத்த வேண்டாம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் சரிவுக்கு முன் பகுதியில் சொன்ன பிஸ்டன் சோதனையைச் செய்ய வேண்டும். உராய்வுப் பொருள் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்ட பேடை, கையேடு அதற்குக் குறைவான எல்லையைச் சொன்னாலும், நான் திரும்பப் போடுவதில்லை.

அறிகுறி: பிரேக் போட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கிறது

முன் டயர்களின் காற்றை முதலில் சமமாக்க வேண்டும். அடுத்து, எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்பதை நினைவில் வைத்து, எதிர்ப்பக்கத்தையே சோதிக்க வேண்டும். இடப்பக்கம் இழுத்தால், வலப்பக்கப் பேடில் கிரீஸோ பிரேக் ஆயிலோ பட்டிருக்கிறதா, அங்கே பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்பதே கேள்வி. எண்ணெய் பட்ட பேடைச் சுட்டோ கழுவியோ மீட்க முடியாது. நான்கு பேடையும் ஒரே செட்டாக மாற்றியாக வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், சஸ்பென்ஷன் புஷ்களையும் அலைன்மென்ட்டையும் பார்க்கப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி: சத்தம்

*கீச்சென்ற மெல்லிய ஒலி.* புதிய பேட் டிஸ்கோடு இசைந்து வரும் வரை சில நாள் இருக்கலாம். நடமாட்டமற்ற சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைப்பதைப் பத்துத் தடவை போல, நடுநடுவே ஆறவிட்டுச் செய்தால் பேட் படிந்துவிடும். சூடான பேடை டிஸ்கில் அழுத்தியபடி வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. அதன் பிறகும் ஒலி தொடர்ந்தால், பேடின் பின்னால் இருக்க வேண்டிய ஷிம் தகடுகள் பழைய பேடோடு குப்பைக்குப் போய்விட்டனவா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில் ஆம் என்றே வரும். ஷிம்மைத் துடைத்து, பிரேக்குக்கான உயர்வெப்ப கிரீஸை ஷிம்முக்கும் தகட்டுக்கும் இடையில் மட்டும் மெல்லியதாகப் பூசிப் பொருத்த வேண்டும். சத்தத்தைக் குறைக்க இருக்க வேண்டியதற்கு மேல் கூடுதல் ஷிம்மைச் செருகுவது தவறு. பெடல் மெத்தென்று ஆகும்.

*பேட் பழையது, கீச்சொலி சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது.* பேடில் உள்ள எச்சரிக்கை நாக்கு டிஸ்கைத் தொடுகிறது. அன்றே பேடைப் பார்க்க வேண்டும்.

*பிரேக் போடும்போதும் பின்னோக்கி எடுக்கும்போதும் ஒரு முறை டக்கென்று.* பேட் தன் இருக்கையில் முன்பின் ஆடுகிறது. ஸ்பிரிங் தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறதா, பின்னின் கிளிப் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளிப் இல்லையென்றால் வண்டியை எடுக்கவே கூடாது, பின் கழன்றால் பேட் வெளியே வந்துவிடும். இரண்டும் சரியானால், காலிப்பரைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் போல்ட்டுகளை, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்குச் சரிபார்க்க வேண்டும்.

அறிகுறி: பிரேக் போட்டால் ஸ்டியரிங் அதிர்கிறது

பேட் மாற்றிய அன்றே தொடங்கிய அதிர்வுக்கு வீல் நட்டுகளே முதல் காரணம். ஏர் கன்னால் ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் முறுக்கியிருப்பார்கள். தளர்த்தி, குறுக்கு வரிசையில், டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். ஹைலக்ஸில் இரும்பு வீலுக்கும் அலாய் வீலுக்கும் முறுக்கு அளவு வேறு என்பதால் கையேட்டில் தன் வீலுக்கான வரியைப் பார்க்க வேண்டும்.

அது தீர்க்கவில்லை என்றால் டிஸ்க். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து ஓரத்துக்குச் சற்று உள்ளே சுற்றிப் பார்த்தால், ஆட்டம் 0.05 மி.மீ. அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிஸ்கை ஹப்பில் ஒரு துளை தள்ளிப் பூட்டி மறுபடி அளக்கலாம். ஹப் முகத்தின் துருவைத் துடைத்து இதைச் செய்தாலே அளவுக்குள் வந்துவிடுவதை அடிக்கடி காணலாம். தடிமனை மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளந்து, டிஸ்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்த எண்ணுக்கு மேல் தாராளமாக இருந்தால் லேத்தில் போடலாம். நெருங்கியிருந்தால் லேத்துக்குக் கொடுக்கும் பணம் வீண். இரண்டு பக்கமும் புதிய டிஸ்க் போட வேண்டும்.

அறிகுறி: ஆயில் கசிவு, எரியும் எச்சரிக்கை விளக்கு

பிரேக் விளக்கு எரிந்தால் ஹேண்ட் பிரேக், டப்பாவின் ஆயில் மட்டம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் விளக்கு பேட் மாற்றிய பின் புதிதாக எரிந்தால், சக்கரத்தின் சென்சார் ஒயர் இழுபட்டிருக்கிறதா, அதன் கிளிப் கழன்றிருக்கிறதா என்று பார்த்து, ஒன்றும் தெரியாவிட்டால் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் படிக்கச் செய்ய வேண்டும்.

கசிவில் நிப்பிளை மட்டும் நாமே பார்க்கலாம். அளவான முறுக்கில் நின்றால் சரி, மேலும் இறுக்கினால் ஒடியும். பிஸ்டன் பூட்டிலிருந்தோ, காலிப்பரின் இரு பாதிகள் சேரும் கோட்டிலிருந்தோ, குழாய் மூட்டிலிருந்தோ ஆயில் சொட்டினால் வண்டியை ஓட்டிச் செல்லாமல், இழுவை வண்டியில் ஏற்றியே பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.